பாரிஸ், ரோம் சுற்றிப் பார்க்கும்போது பாஸ்போர்ட், பணம், போன் வைத்துக்கொள்ள எந்த மாதிரிப் பை வாங்கலாம்?

ஜூன் மாதம் பத்து நாள் பயணம், கணவன் மனைவியோடு அறுபது தாண்டிய அம்மாவும் வருகிறார், பேக்பேக்கா ஸ்லிங் பையா இடுப்புப் பையா என்று முடிவு செய்ய முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு சின்னப் பை. 4 முதல் 6 லிட்டர் கொள்ளளவு, தோளில் குறுக்காக மாட்டினால் வயிற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும், வாய் முழுக்க ஜிப் இருக்க வேண்டும். காலையில் மாட்டினால் ராத்திரி ஹோட்டலுக்குத் திரும்பும்வரை கழற்றவே தோன்றக் கூடாது. பாஸ்போர்ட் அந்தப் பையில் வேண்டாம். அது உடைக்குள் இருக்கட்டும்.

கழற்றத் தோன்றக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். காபிக் கடையில் நாற்காலி முதுகில் மாட்டிய பை, போட்டோ எடுக்கக் கீழே வைத்த பை, மெட்ரோ நெரிசலில் முதுகுப் பக்கம் ஒதுங்கிய பை: பெரும்பாலும் பறிபோவது இப்படி உடம்பை விட்டு விலகியவைதான். கனமான பையோ, உட்கார்ந்தால் மடியில் இடிக்கும் பையோ வாங்கினால் மதியத்துக்குள் தோள் வலித்துக் கழற்றிவிடுவீர்கள். அதன்பின் அதில் எத்தனை பூட்டு இருந்தும் பயனில்லை. எனவே உள்ளே என்ன போகும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற பையைத் தேடுங்கள்.

நிஜமாகத் தேவைப்படுபவை: போன், 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் (200 கிராமுக்குச் சற்று மேல்), மடக்குக் குடை, அரை லிட்டர் தண்ணீர், அன்றைய மாத்திரை, ஒரு மெல்லிய ஷால், கொஞ்சம் யூரோ, ஒரு கார்டு. எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோ வரும். ஒரு தோளில் நாள் முழுக்கத் தாங்க இதுவே போதும். இரண்டு கிலோவைத் தாண்டினால் கழுத்து கேட்காது. அதனால் வெறும் பையின் எடை 400 கிராமுக்குள் இருக்கட்டும். 26 செ.மீ. அகலம், 19 உயரம், 9 ஆழம் என்றால் ஏறக்குறைய நாலரை லிட்டர். மேலே சொன்னதெல்லாம் அடங்கும். ஷால் எதற்கென்றால், ரோமில் செயின்ட் பீட்டர்ஸ் பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். பெரிய தண்ணீர் பாட்டில் சுமக்க வேண்டியதில்லை. ரோமில் தெருவுக்குத் தெரு 'நசோனி' என்னும் வார்ப்பிரும்புக் குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். பாரிஸிலும் பச்சை நிற வாலஸ் நீரூற்றுகள் 1872 முதல் இருக்கின்றன. அரை லிட்டர் பாட்டிலைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம். பாட்டிலுக்குத் தனி அறை இல்லாத பையாக இருந்தால், குளிர்ந்த பாட்டிலில் வியர்க்கும் நீர் போனிலும் காகிதங்களிலும் இறங்கும். ஒரு கைக்குட்டையாவது சுற்றி வையுங்கள்.

இனி ஜிப். கடையில் எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியது ஜிப்பை. சின்னப் பைகளில் விலை குறைக்க 3-ஆம் எண் ஜிப் வைத்திருப்பார்கள். பை நிரம்பியதும் பற்கள் இழுபட்டு, ரன்னர் (ஜிப்பை மூடித் திறக்க இழுக்கும் துண்டு) மூடிக்கொண்டு போன பின்னாலேயே வாய் பிளக்கும். முக்கிய அறைக்கு 5-ஆம் எண் வேண்டும். பற்கள் மூடிய நிலையில் ஏறக்குறைய 5 மி.மீ. அகலம் இருக்கும், ரன்னரின் பின்பக்கம் பெரும்பாலும் எண் பொறித்திருக்கும். பையில் நாலைந்து பொருள்களைப் போட்டு, ஒரே கையால் இருபது தடவை மூடித் திறந்து பாருங்கள். மூலையில் திரும்பும் இடத்தில் சிக்கினால் வாங்காதீர்கள். அவசரத்தில் அந்த மூலையோடு மல்லுக்கட்ட மனமில்லாமல் பாதி திறந்தபடி விட்டுவிடுவோம். ஜேப்படிக்காரனுக்கு அந்தப் பாதி போதும்.

அடுத்தது, ஜிப் எந்தப் பக்கம் மூடுகிறது என்பது. பையை மாட்டிக்கொண்டு பாருங்கள். முழுக்க மூடிய நிலையில் ரன்னர் உங்கள் முன்கைப் பக்கம் வந்து நிற்க வேண்டும். முதுகுப் பக்கம் போய் நின்றால் பின்னால் நிற்பவருக்குத்தான் வசதி. இரண்டு ரன்னர் உள்ள பைகளில் பலரும் இரண்டையும் நடு உச்சியில் சந்திக்கவிடுகிறார்கள். அது இருப்பதிலேயே மோசமான இடம். இரண்டையும் முன்பக்க ஓரத்துக்குத் தள்ளுங்கள். ரன்னரின் துளையையும் பையோடு தைத்த ஒரு வளையத்தையும் சின்னக் கொக்கியால் இணைத்துவிட்டால், திறக்க இரண்டு கை வேண்டும், நாலைந்து நொடி ஆகும். கொக்கி கிடைக்காவிட்டால் பெரிய ஊக்கு அதே வேலையைச் செய்யும். குட்டிப் பூட்டு வேண்டாம். டிக்கெட் எடுக்க ஒவ்வொரு முறையும் சாவி தேட முடியாமல் இரண்டாம் நாளே பூட்டாமல் விட்டுவிடுவீர்கள். காந்தப் பொத்தான் மட்டும் வைத்த பைகளை அறவே தவிர்க்கலாம்: சத்தமில்லாமல் திறக்கும், காந்தப் பட்டை உள்ள பழைய வகை ஹோட்டல் அறைக் கார்டையும் சில நேரம் அழித்துவிடும்.

இந்த நாலைந்து நொடிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அங்கே நடக்கும் திருட்டுகளின் முறை அப்படி. பாரிஸ் மெட்ரோவில் கதவோரம் நின்று, கதவு மூடும் நேரத்தில் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் குதித்துவிடுவார்கள். எஸ்கலேட்டரில் முன்னால் போகிறவர் மேலே போனதும் சட்டென்று நிற்பார். நீங்கள் தடுமாறும்போது பின்னால் இருப்பவரின் கை பையில் இருக்கும். சாக்ரே கேர் தேவாலயத்தின் அருகிலும் லூவ்ர் அருங்காட்சியகத்தின் பக்கமும் கையெழுத்துக் கேட்டு அட்டை நீட்டுவார்கள். அட்டை உங்கள் பைக்கு மேலே, அவர்கள் கை அட்டைக்குக் கீழே. ரோமில் டெர்மினி நிலையத்திலிருந்து வாட்டிகன் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்து இதற்காகவே பேர்போனது. எல்லாமே கண நேர வேலை. நாலு நொடி தாமதமானால் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்கள்.

வார் குறைந்தது 3 செ.மீ. அகலம் இருக்கட்டும்; மெல்லிய கயிறு போன்ற வார் ஒன்றரைக் கிலோவுக்கே தோளை அறுக்கும். வாரும் பையும் சேரும் இடத்தில் கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டதுபோலத் தையல் இருக்கிறதா பாருங்கள். ஒற்றை வரித் தையல் அங்கேதான் விடும். கழற்றி மாட்டும் உலோகக் கொக்கி இருந்தால், அது முறுக்கிக்கொண்டு தானே திறப்பதும் உண்டு, பின்னாலிருந்து ஒருவர் திறப்பதும் உண்டு. கொக்கியின் வாயை ஒரு சாவி வளையத்தால் கட்டிவிடுங்கள். இடுப்புப் பையைக் குறுக்காக மாட்டும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதில் பிளாஸ்டிக் பக்கிள் முதுகில் போய் உட்கார்ந்தால், இரண்டு விரலால் அழுத்தினாலே பை கையோடு போய்விடும். அந்தப் பக்கிள் நெஞ்சுக்கு முன்னால் வரும்படி வாரைச் சரிசெய்ய முடியுமானால் மட்டும் வாங்குங்கள்.

இத்தாலியிலேயே நேபிள்ஸ் நகருக்கும் போகும் திட்டம் இருந்தால் ஒரு விஷயம் மாறும். அங்கே ஸ்கூட்டரில் வந்து பறிப்பது உண்டு. குறுக்காக மாட்டிய பையைப் பிடித்து இழுத்தால் ஆளும் சேர்ந்து விழுவார். சாலைப் பக்கம் பை இல்லாமல் சுவர்ப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். அம்மாவை எப்போதும் உள்பக்கம் நடக்க விடுங்கள். இழுத்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். உள்ளே பாஸ்போர்ட் இல்லையென்றால் விட மனம் வரும்.

'திருட முடியாத பை' என்று விற்பவற்றில் பேக்சேஃப் போன்ற நிறுவனங்களின் பைகளில் துணிக்குள் எஃகு வலையும் வாருக்குள் எஃகுக் கம்பியும் வைத்திருப்பார்கள். நல்ல சரக்குதான். ஆனால் பிளேடால் வெட்டுவதைவிட ஜிப்பைத் திறப்பது எளிது என்பதால், நான் மதிப்பது அவர்களின் ஜிப் கொக்கியைத்தான், வலையை அல்ல. வலை எடையைக் கூட்டும். ஆர்எஃப்ஐடி தடுப்பு (பாஸ்போர்ட், கார்டு சிப்பை யாரும் தொடாமலே ரேடியோ அலையால் படித்துவிடாமல் தடுப்பது) என்று எழுதியதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். இ-பாஸ்போர்ட்டின் சிப்பைப் படிக்க, உள்பக்கத்தில் அச்சிட்ட பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி இவற்றிலிருந்து உருவாகும் திறவுகோல் வேண்டும். பக்கத்தில் நின்றதால் மட்டும் யாரும் படித்துவிட முடியாது. கார்டைப் பற்றிக் கவலையென்றால் வங்கிச் செயலியில் டேப் செய்து செலுத்தும் வசதிக்கு வரம்பு வையுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். இத்தாலியில் வெளிநாட்டவர் அடையாள ஆவணம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பிரான்சில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கி, கட்டிய வரியைத் திரும்பக் கேட்டால் கடையிலேயே பாஸ்போர்ட் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஹோட்டலிலேயே விட்டுவிடுவது எல்லா நாளும் சரிவராது. தொலைந்தால் விளைவு பெரியது: போலீஸ் புகார், பிறகு இந்தியத் தூதரகம். அவசரத்துக்கு அங்கே தரும் எமர்ஜென்சி சர்டிபிகேட் இந்தியா திரும்புவதற்கு மட்டுமே செல்லும். மீதிப் பயணம் அதோடு முடிந்தது. எனவே அதன் இடம் உடைக்குள், இடுப்பில் கட்டும் தட்டையான துணிப் பை. கழுத்தில் தொங்கும் வகையைவிட இதுவே மேல், கழுத்து வார் காலருக்கு வெளியே தெரிந்துவிடும். வியர்வை படாமல் ஜிப்லாக் கவரில் போட்டு வையுங்கள். தெருவில் நின்று அதைத் திறக்கவே கூடாது. கழிப்பறைக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும்.

அம்மா புடவை கட்டுபவர் என்றால் எதையும் வாங்க வேண்டியதில்லை. உள்பாவாடையின் இடுப்புப் பட்டைக்குக் கீழே 15 செ.மீ. உயரம், 11 செ.மீ. அகலத்தில் மேல்வாயில் ஜிப் வைத்த ஒரு பாக்கெட்டைத் தையல்காரரிடம் தைத்து வாங்குங்கள். பாஸ்போர்ட் 12.5க்கு 8.8 செ.மீ. என்பதால் தாராளமாகப் போகும். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பையின் தத்துவம்தான் இது. சுடிதார் பேண்டிலும் இதே அளவில் தைக்கலாம். மூன்று பாஸ்போர்ட்டும் ஒருவரிடம் வேண்டாம்.

பணத்தையும் அப்படியே பிரியுங்கள். முன்பையில் அன்றைய செலவுக்கு 50, 60 யூரோவும் ஒரு கார்டும். மீதி நோட்டும் இரண்டாவது கார்டும் உள்பையில். இந்தியக் கார்டுக்காரர்கள் மறந்துவிடும் ஒன்று ஓடிபி. இந்திய சிம் உள்ள போன் தொலைந்தால், ஓடிபி கேட்கும் இடங்களில் பணம் இருந்தும் பயன்படுத்த முடியாத நிலை வரலாம். அதனால் உங்கள் கார்டும் மனைவியின் கார்டும் வெவ்வேறு எண்ணில், வெவ்வேறு போனில் இருப்பது நல்லது. போனையே ஒரு சுருள் கயிற்றால் பையின் உள்வளையத்தில் இணைத்துவிடலாம். பாரிஸில் மெட்ரோ, பஸ் பயணத்துக்கான நவிகோ கார்டை மட்டும் வெளியறையில் வையுங்கள். கேட்டில் தட்டுவதற்காகப் பர்ஸை வெளியே எடுத்தால், எங்கே வைக்கிறீர்கள் என்று பார்ப்பவருக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

பேக்பேக் வேண்டவே வேண்டாமா? மூன்று பேருக்கு ஒன்று, 15 லிட்டர் அளவில் எடுத்துப் போகலாம், அதில் தின்பண்டம், ஜாக்கெட், உபரித் தண்ணீர் மட்டும். லூவ்ரில் 55க்கு 35க்கு 20 செ.மீ.க்கு மேற்பட்ட பை உள்ளே வராது. அதற்குச் சிறிய பேக்பேக்கையும் முதுகில் மாட்டாமல் கையிலோ முன்னாலோ பிடிக்கச் சொல்வார்கள். வாட்டிகன் அருங்காட்சியகத்தில் அளவு இன்னும் சிறிது: 40க்கு 35க்கு 15. தாண்டினால் வாசலில் ஒப்படைக்க வேண்டும், பார்த்து முடித்த பின் அதை வாங்க அதே வாசலுக்கு வர வேண்டும். அம்மாவோடு அந்த நடை வீண். மேல்வாய் திறந்த தோள் பை பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், பலரும் கவனிப்பதில்லை: உள்துணி வெளிர் நிறமாக இருக்க வேண்டும். கறுப்பு உள்துணியில் கறுப்பு பவர் பேங்க் கண்ணில் படாது. நடைபாதையில் தலை குனிந்து துழாவிக்கொண்டு நிற்பீர்கள்.

பை வந்ததும் எல்லாவற்றையும் உள்ளே போட்டு, சனிக்கிழமை மாலை ரங்கநாதன் தெருவில் இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். பஸ்ஸில் உட்காருங்கள், ஓட்டலில் மடியில் பையோடு சாப்பிடுங்கள், பார்க்காமலே போனையும் டிக்கெட்டையும் எடுத்துப் பாருங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவையாவது கழற்றி வைக்கத் தோன்றினால், உள்ளே இருப்பதைக் குறையுங்கள். குறைத்தும் தோன்றினால் பையை மாற்றுங்கள்; அதற்கு ஜூனுக்கு இரண்டு வாரம் முன்பாவது இந்தச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.