வேலை, குடும்பம் என்று ஓடுகிறவர்கள் பரிசுத்தமாக வாழ முடியுமா?

ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, ஆபீசுக்குப் போனால் ஆண்டவர் நினைப்பே மறந்துபோகிறது, என்னைப் போன்றவர்களுக்குப் பரிசுத்தம் எட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டும். எனக்கு இதைப் புரியவைத்தது ஒருவருக்கு நான் தர வேண்டியிருந்த 700 ரூபாய்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் அரிசிக் கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, லோடு இறங்க நேரமாகிவிட்டது. ஆறரைக்குக் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம். மூட்டை இறக்கும் அண்ணன் கடைசிச் சிப்பத்தை அடுக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லாப் பக்கம் வந்து நின்றார். பணம் இருந்தது. எண்ணிக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நான் ஷட்டரைப் பாதி இறக்கியபடியே, "நாளைக்கு வாங்கிக்கங்கண்ணே, கோயிலுக்கு நேரமாச்சு" என்றேன். "சரிங்க மொதலாளி" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலைப் பூசைக்குப் போயிருந்தேன். தவக்காலத்தின் முதல் வாரத் திங்களன்று ஒவ்வொரு வருடமும் பைபிளின் லேவியர் புத்தகம் 19-ஆம் அதிகாரத்திலிருந்துதான் முதல் வாசகம். தூயோராய் இருங்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். அதை அடுத்து வருவதெல்லாம் அன்றாடப் பிழைப்பு: திருடாதே, பொய் சொல்லாதே, வேலையாளின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது. எனக்கு வியர்த்துவிட்டது.

கடைக்குப் போனதும் அவரிடம் கேட்டேன். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோய், பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினாராம். சனிக்கிழமை கூலி வாங்கியபோது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மொதலாளி" என்று அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விட்டார்.

ஜெபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தப் பூசைக்குப் போகாதிருந்தால் அந்த வசனம் என் காதில் விழுந்தே இருக்காது. பரிசுத்தம் சாமியார்களுக்கும் கன்னியர்களுக்கும் உரியது என்ற எண்ணத்தைத்தான் விடச் சொல்கிறேன். எல்லா விசுவாசிகளுக்கும் அந்த அழைப்பு உண்டு என்று உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே எழுதிவைத்துவிட்டது. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட நம் தேவசகாயம், மனைவியோடு குடும்பம் நடத்தியவர், திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். சந்தைக்குப் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஊர்வம்பு தொடங்கும்போது, யாரையும் தப்பாகப் பேச மாட்டேன் என்று மனதுக்குள் முடிவெடுக்கும் பெண்ணைத்தான் போப் பிரான்சிஸ் 2018-ல் பரிசுத்தத்துக்கு உதாரணமாகக் காட்டினார்.

இப்போது லோடு வருகிற நாட்களில் ஐந்து மணிக்கே கூலியை எண்ணிக் கவரில் போட்டுவிடுகிறேன். கோபம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. மில்லிலிருந்து பழைய அரிசியோடு புது அரிசியைக் கலந்து அனுப்பினால் போனிலேயே கத்திவிடுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று ராத்திரி தூக்கம் வருவதற்கு முன் லேவியர் 19-ஐ ஒருமுறை முழுதாக வாசியுங்கள். அப்புறம் உங்கள் ஆபீசில் உங்களுக்காகக் காத்து நிற்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.