வீட்டில் சுட்ட சவர்டோ பிரெட் (இயற்கையாகப் புளிக்கவைத்த மாவில் சுடும் ரொட்டி) மறுநாளே இறுகிவிடுகிறது. எப்படி எடுத்துவைத்தால் பதமாக இருக்கும்?

வீட்டில் இரண்டே பேர், சனிக்கிழமை சுடும் 900 கிராம் லோஃப் திங்கட்கிழமைக்குள் கல்லாகிவிடுகிறது, ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் சாப்பிடக்கூடியதை மட்டும் வெளியே வையுங்கள். மீதியை, சுட்ட அன்றைக்கே ஆறவிட்டு, துண்டு போட்டு ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டில் மட்டும் வைக்கவே வேண்டாம். நான் சென்னையில் சுடுகிறேன். இங்கத்திய வெக்கையிலும் ஈரக்காற்றிலும் இந்த முறைதான் தவறாமல் கைகொடுக்கிறது.

ஃப்ரிட்ஜ் ஏன் கூடாது? பிரெட்டில் இருக்கும் ஈரம் காய்வதால்தான் அது இறுகுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் மாவுச்சத்து. அடுப்பில் சூடேறும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்பி இளகுகிறது. பிரெட் ஆற ஆற அதன் மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி வந்து வரிசைகட்டி இறுகுகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் பூசெங்கோ 1852-லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார். ஈரம் துளியும் வெளியேறாமல் அடைத்துவைத்த ரொட்டியும் பழசானதைப்போல இறுகியது. அதையே 60 டிகிரிக்கு மேல் சூடாக்கியபோது மறுபடி மிருதுவானது. இந்த இறுகல் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரில். அதாவது உங்கள் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு இருக்கும் அதே 4 டிகிரி சுற்றுவட்டாரத்தில். ராத்திரி மிஞ்சிய சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் பருக்கை பருக்கையாக விறைத்து நிற்கிறது, ஆவி காட்டினால் இளகிவிடுகிறது, இல்லையா? பிரெட்டிலும் அதேதான் நடக்கிறது. ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் இந்த வேலை ஏறக்குறைய நின்றே போகிறது.

ஆக, இறுகாமல் இருக்க அறை வெப்பம் நல்லது. ஆனால் அறை வெப்பம் பூசணத்துக்கும் நல்லது, நம் ஊரில் பிரச்சினையே இதுதான். சவர்டோவில் இருக்கும் லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் பூசணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அதிலும் அசிட்டிக் அமிலம் நன்றாகவே தடுக்கும். அதனால்தான் கடையில் வாங்கும் ஈஸ்ட் பிரெட்டில் போடும் பதனப்பொருள் எதுவும் இல்லாமலே இது தாக்குப்பிடிக்கிறது. ஆனாலும் அக்டோபர், நவம்பர் மழையில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் மூன்றாம் நாள் அடியில் பச்சைப் புள்ளி வந்துவிடும். "மரப்பலகையில் நான்கைந்து நாள் வைக்கலாம்" என்று வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களில் சொல்வது குளிரும் வறட்சியுமான ஊர்களுக்குச் சரி. கடலோர ஊர்களில் அதில் பாதி நாள்தான் கணக்கு.

எடுத்துவைக்கும் வேலை அடுப்பிலிருந்தே ஆரம்பிக்கிறது. உள்பகுதி சரியாக வேகாத லோஃப் எப்படி வைத்தாலும் சீக்கிரம் கெடும். நடுவில் வெப்பமானி குத்தினால் 96 முதல் 99 டிகிரி காட்ட வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் அடியைத் தட்டிப் பாருங்கள், உள்ளே காலியாக இருப்பதுபோல் 'டொக் டொக்' என்று கேட்க வேண்டும். அப்புறம் கம்பி ஸ்டாண்டில் வைத்து முழுசாக ஆறவிடுங்கள். தட்டிலோ மேடையிலோ வைத்தால் அடியில் ஆவி தேங்கி நனைந்துவிடும். 900 கிராம் லோஃப் ஆற மூன்று மணி நேரமாவது ஆகும், மே மாதத்தில் இன்னும் கூடும். வெதுவெதுப்பாக இருக்கும்போது கவருக்குள் போடுவதுதான் பூசணத்துக்குக் கொடுக்கும் முதல் அழைப்பு. கவரின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்து, அந்த நீர் மேலோட்டிலேயே சொட்டும்.

வெளியே வைக்கும் பாதிக்கு வருவோம். லோஃபை ஓரத்திலிருந்து வெட்டாதீர்கள், நடுவில் இரண்டாக வெட்டுங்கள். துண்டு வேண்டும்போது அந்த வெட்டிய முகத்திலிருந்து எடுங்கள். வெளியே வைக்கப்போகும் பாதியை, வெட்டிய முகம் கீழே இருக்கும்படி, சுத்தமான மரப்பலகையில் கவிழ்த்து வையுங்கள். மூன்று பக்கமும் மேலோடு காவல், நான்காவது பக்கம் பலகை. மேலே ஒரு பருத்தித் துணியைப் போர்த்தினால் போதும். முதல் நாள் முழுக்க இப்படியே இருக்கலாம், மேலோட்டின் மொறுமொறுப்பும் ஓரளவு நிற்கும். இரண்டாம் நாள் துணியோடு சுற்றி ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடியை லேசாகத் திறந்தபடி விடுங்கள். முழுக்க மூடினால் உள்ளிருக்கும் ஈரம் மேலோட்டுக்கு வந்து தோல்போல இழுபடும். எறும்புத் தொல்லை இருந்தால் டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைக்கலாம். இரண்டாம் நாள் ராத்திரிக்கு மேல் வெளியே எதுவும் இருக்க வேண்டாம்.

இனி ஃப்ரீசர். இதைக் கவனமாகச் செய்தால் மூன்றாவது வாரத்துத் துண்டும் முதல் நாள் துண்டுபோலவே இருக்கும். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கனத்தில் வெட்டுங்கள். மெல்லியதாக இருந்தால் ஃப்ரீசரில் காய்ந்துவிடும், தடிமனாக இருந்தால் தவாவில் நடுப்பகுதி சூடாக நேரம் பிடிக்கும். இரண்டிரண்டு துண்டாக, நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்து, ஜிப் கவரில் போடுங்கள். ஜிப்பை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, உள்ளங்கையால் அழுத்திக் காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு மூடுங்கள். கவருக்குள் தங்கும் காற்றில்தான் துண்டின் ஈரம் போய்ப் பனித்தூளாகப் படிகிறது. மேலே இன்னொரு கவர் கட்டாயம். பிரெட் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், பக்கத்தில் மீனோ அரைத்த மசாலாவோ இருந்தால் சொல்லவே வேண்டாம். நல்ல ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாராளமாகத் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேலறையில் குளிர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், அதில் மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. உங்கள் வீட்டில் இரண்டு பேர் என்றால் பாதி லோஃப் வெளியே, பாதி உள்ளே. திங்கள் தொடங்கி வெள்ளி வரை தினம் ஒரு கவர்.

எடுத்த துண்டை உருகவிடத் தேவையில்லை. தோசைக்கல்லை மிதமாகக் காயவைத்து, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு போடுங்கள். துண்டுக்குப் பக்கத்தில், கல்லின் மேல், அரைக் கரண்டி தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். அந்த ஆவியில் ஒரு நிமிடத்தில் உள்பகுதி இளகும். மூடியை எடுத்துவிட்டுத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று நிறம் ஏறும். விரலால் நடுவில் அழுத்தினால் அமுங்கி மேலெழ வேண்டும், அதுதான் பதம். முழு லோஃப் அல்லது பாதி லோஃப் இறுகிப்போயிருந்தால் மேலோட்டைக் குழாய்த் தண்ணீரில் சட்டென்று ஒரு முறை நனைத்து, 180 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வையுங்கள். சுட்ட அன்றுபோலவே வாசனை எழும். ஆனால் இப்படி உயிர்ப்பித்ததை அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் முன்பைவிட வேகமாக இறுகும், இரண்டாம் தடவை சூடாக்கினாலும் அந்தப் பதம் வராது. மைக்ரோவேவில் வைத்தால் கொஞ்ச நேரத்துக்கு மிருதுவாகிப் பிறகு ரப்பராகிவிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பூசணம் பற்றி ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். புள்ளி வந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரெட் முழுக்கத் துளை. பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழுசையும் தூக்கிப் போடுங்கள், முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். துணியைக் கொதிநீரில் அலசிவிட்டு டப்பாவையும் பலகையையும் வெயிலில் காயவையுங்கள்.

இன்னொன்று, கோடையில் அபூர்வமாக வரும். வெட்டும்போது உள்பகுதி பிசுபிசுவென்று நூல்போல இழுபடும், அழுகிய முலாம்பழம் மாதிரி ஒரு தித்திப்பு வாடை அடிக்கும். மாவோடு வரும் பேசில்லஸ் வகை பாக்டீரியாவின் வேலை அது. அதன் வித்துகள் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். பிரெட்டின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தொடுவதே இல்லை என்பதால் சுட்டாலும் பிழைத்துவிடும். நன்றாகப் புளித்த மாவில் இது தலையெடுக்காது. ஸ்டார்ட்டர் (பிரெட் மாவைப் புளிக்கவைக்கச் சேர்க்கும் புளித்த மாவுக் கலவை) புதுசாக, புளிப்பு ஏறாமல் இருக்கும்போதுதான் கவனம் வேண்டும். அந்த வாடை வந்தாலும் குப்பைக்குத்தான்.

நாள்பட வைக்க வேண்டும் என்றால் சுடும் முறையிலும் கொஞ்சம் மாற்றலாம். மைதாவில் கால் பங்கைக் கோதுமை மாவாக்குங்கள், தவிடு ஈரத்தைப் பிடித்துவைக்கும். வேகவைத்து மசித்த ஒரு உருளைக்கிழங்கு சேர்த்தால் இன்னும் நல்லது. பெரிய லோஃப் சின்னதைவிட நாள் தாங்கும், எடைக்கு மேல்பரப்பு குறைவு அல்லவா? பாரிஸில் 1932-ல் தொடங்கிய புவாலான் கடையின் வட்ட ரொட்டி ஏறக்குறைய 1.9 கிலோ. சுவிட்சர்லாந்தின் வாலே மலைக்கிராமங்களில் ஊர்ப் பொது அடுப்பை முன்பு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் மூட்டுவார்கள். அதில் சுட்ட, ரை என்ற தானியத்தின் புளித்த ரொட்டி மரச்சட்டங்களில் அடுக்கப்பட்டு மாதக்கணக்கில் இருக்கும். மலைக்காற்றின் வறட்சியும் அதற்கு உதவியது. நம் சமையலறையில் அந்தக் காற்று இல்லாததால்தான் ஃப்ரீசர் தேவைப்படுகிறது.

இத்தனையும் செய்த பிறகும் ஒன்றிரண்டு துண்டு இறுகிப்போனால் வீணாக்காதீர்கள். சவர்டோ துண்டு உப்புமாவுக்கு அருமையாக இருக்கும், சாதாரண பிரெட்போலக் குழையாமல் துண்டு துண்டாக நிற்கும். தாளித்து வெங்காயம், தக்காளி வதக்கிய பிறகு கடைசியில் போட்டு, தண்ணீர் தெளித்துப் புரட்டினால் போதும், தக்காளியின் புளிப்போடு அதன் புளிப்பும் சேர்ந்துகொள்ளும். உப்புமாவுக்கும் ஆகாத ஓரங்களை ஓவன் சூடு தணியும்போது உள்ளே விட்டு முறுக விட்டு மிக்சியில் பொடித்துக்கொள்ளுங்கள். கட்லெட் புரட்ட ரஸ்க் தூளைவிட இது நன்றாக ஒட்டும். அந்தத் தூளையும் ஃப்ரீசரிலேயே வையுங்கள்.