72-ஐப் பாதியாக்கலாமா?

அன்புள்ள ஐயா,

மேலூரில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நான்கு உறுப்புள்ள கணத்திலிருந்து மூன்று உறுப்புள்ள கணத்துக்கு எத்தனை மேல் சார்புகள் (இரண்டாவது கணத்தில் எந்த உறுப்பும் விடுபடாத சார்புகள்)? விடை 36. பிள்ளைகள் பலர் 4×3×2 = 24, மிச்சமுள்ள உறுப்புக்கு 3 வழி, ஆக 72 என்று போடுகிறார்கள். பாதியாக்கினால் விடை வந்துவிடுகிறது. ‘இரண்டால் வகுத்துவிடு’ என்றே சொல்லிக்கொடுக்கலாமா?

வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். உறுப்பு ஐந்தானால் அந்த வழி காலை வாரிவிடும்.

கனி, ராசு, செல்வி, முத்து என்று நான்கு பேர். மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், பெரியார் என்று மூன்று பஸ் ஸ்டாண்டு. ஆளுக்கு ஒரே ஒரு ஸ்டாண்டு என்றால் அது சார்பு; 3⁴ = 81. (எங்கும் போகாமலும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் போகலாம் என்று விட்டால் உறவு; 2¹² = 4096.) எந்த ஸ்டாண்டும் காலியாக இருக்கக் கூடாது என்றால் மேல் சார்பு.

கனியும் ராசுவும் மாட்டுத்தாவணி, செல்வி ஆரப்பாளையம், முத்து பெரியார் என்று வையுங்கள். கனியை முதலில் நிறுத்தி ராசுவை மிச்சமாகச் சேர்த்தால் இது ஒரு தடவை வரும். ராசுவை நிறுத்தி கனியைச் சேர்த்தால் அதே சார்பு மறுபடி வரும். நான்கு பேரை எப்படிப் பிரித்தாலும் 2, 1, 1 தான். அதனால்தான் எல்லாமே சரியாக இரட்டிப்பாகிறது.

ஐந்து பேருக்கு அதே முறையில் 60×9 = 540. பாதி 270, ஆனால் சரியான விடை 150. 3, 1, 1 என்று பிரிபவை 60 சார்புகள், ஒவ்வொன்றும் 3 தடவை எண்ணப்படுகிறது. 2, 2, 1 என்று பிரிபவை 90, ஒவ்வொன்றும் 2×2 = 4 தடவை. 180 + 360 = 540. இதை எந்த ஒரு எண்ணால் வகுப்பது? பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும்.

நான்குக்கு நேர்வழி: சேர்ந்து போகும் ஜோடிக்கு 6 வழி, மூன்று குழுவை மூன்று ஸ்டாண்டில் வைக்க 6 வழி, 36.

பெரிய எண்களுக்குக் கழித்துக் கூட்டுவதே நல்லது. ஒரு ஸ்டாண்டு காலி என்றால் 2⁴ = 16 வழி, இரண்டு காலி என்றால் ஒரே வழி: 81 − 3×16 + 3 = 36. கடைசி 3-ஐ விட்டுவிட்டு 33 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும். நால்வரும் மாட்டுத்தாவணிக்கே போகும் வழி, ஆரப்பாளையம் காலி என்ற 16-லும் இருக்கிறது, பெரியார் காலி என்ற 16-லும் இருக்கிறது. இரண்டு தடவை கழித்ததில் ஒன்றைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். ஐந்துக்கு 243 − 96 + 3 = 150.

இன்னொன்று. மதிப்பகத்தில் (ஆட்கள்) 3, துணை மதிப்பகத்தில் (ஸ்டாண்டுகள்) 4 என்று கேள்வியைத் திருப்பிப் போட்டால் மேல் சார்பு பூச்சியம். ஒன்றுக்கொன்றான சார்புதான் (ஒரே ஸ்டாண்டுக்கு இருவர் போகாதது) 24.