குதிகால் வந்துவிட்டால் பேச்சு கிடையாது

வணக்கம்.

எனக்கு வயது 72. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். குளிர்காலம் வந்தால் முழங்கால் வலியால் வெளியே போவது நின்றுவிடும். சீக்கிரமே இருட்டியும் விடுகிறது. ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேரப்பிள்ளைகளுக்குக் கம்பளி சாக்ஸ் பின்னுவேன். சும்மா பொழுது போகத்தான். அப்போதெல்லாம் மனம் பழைய வீட்டுக்கே போய்விடுகிறது. அந்தக் குளிர்காலங்களில் வீடு எவ்வளவு கதகதப்பாக இருந்தது, பிள்ளைகள் எல்லாம் ஒரே போர்வைக்குள் எப்படிச் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள் என்று நினைத்தால் கண் கலங்குகிறது. வாய்விட்டுச் சொன்னால், "பழசையே பேசாதீங்கம்மா, மனசுக்கு நல்லதில்லை" என்கிறான் மகன். கோடையில் எனக்கு இப்படி இருப்பதில்லை. இது ஒரு நோயா? நிறுத்த வழி உண்டா? புதிதாக ஒரு நல்ல பொழுதுபோக்கு சொல்லுங்கள். பிள்ளைகள் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருப்பதைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

ஒரு பாட்டி (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முதல் நாளே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. போன மாதம் பழைய துணிப் பெட்டியைக் கிளறியபோது என் பாட்டி பின்னிய சாக்ஸ் ஒன்று கிடைத்தது. ஒன்றுதான், ஜோடி இல்லை. அதிலிருந்து பாட்டியைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் இருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

முதலில் நோயா என்ற கேள்வி. ஒரு காலத்தில் நோய் என்றுதான் சொன்னார்கள். 1688இல் ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஓர் ஆய்வேடு எழுதினார். ஊரை விட்டு வந்தவர்கள் வீட்டு நினைப்பிலேயே உருகி, சாப்பாடு தூக்கம் இல்லாமல் மெலிவதைப் பார்த்து, வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி அதற்கு நாஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தார். அதாவது அது ஒரு நோயின் பெயராகவே பிறந்தது. வீட்டுக்கு அனுப்பிவைப்பதுதான் அவர் சொன்ன நல்ல மருந்து. அதன் பிறகும் வெகுகாலம் வயதானவர்கள் பழையதைப் பேசினால் மூளை தளர்கிறது என்றே பல மருத்துவர்கள் நினைத்தார்கள். 1963இல்தான் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்து எழுதினார். முதுமையில் ஒருவர் தன் வாழ்க்கையை எடுத்து வைத்துப் பார்ப்பது இயல்பு, தேவையும்கூட என்றார். உங்கள் மகனின் கருத்துக்கு வயது அறுபதுக்கு மேல் ஆகிவிட்டது. அவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள், போதும்.

கோடையில் இப்படி இல்லை, குளிர்காலத்தில் மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்கள். குளிரும் ஏக்கமும் ஒட்டிப்பிறந்தவை. தொல்காப்பியம் பிரிவுக்குரிய பாலைத் திணைக்குக் கோடையோடு பின்பனியையும் சேர்த்துக் கொடுக்கிறது. 2012இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில் குளிர் கூடிய நாட்களில் மக்களுக்குப் பழைய நினைவு அதிகம் வந்தது தெரிந்தது. சூடான அறையில் இருந்தவர்களைவிடக் குளிர்ந்த அறையில் இருந்தவர்களுக்கே ஏக்கம் கூடுதல். இன்னொன்றும் தெரிந்தது: குளிர்ந்த அறையில் அப்படி ஒரு பழைய நினைவை எடுத்துப் பார்த்தவர்கள், அறை இருப்பதைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பதாக உணர்ந்தார்கள். ஆக, நீங்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பழைய வீட்டுக்குப் போவது குளிருக்கு மனம் எடுத்துப் போர்த்திக்கொள்ளும் போர்வை. அதை ஏன் நிறுத்த வேண்டும்?

செல்போனைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நிறைய பேர் எழுதிவிட்டார்கள், ஒரு பிள்ளையும் கீழே வைக்கவில்லை.

இப்போது உங்கள்மேல் எனக்கிருக்கும் கோபத்துக்கு வருகிறேன். கடிதத்தில் சாக்ஸ் பின்னுவதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதி, உடனே "சும்மா பொழுது போகத்தான்" என்று ஏன் எழுதினீர்கள்? யாரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள்? இந்தப் "பொழுதுபோக்கு" என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. கையில் வேலை இல்லாதவர் நேரத்தைத் தள்ளுவதற்குச் செய்வது என்று பொருள்படும் ஒரு சொல்லை எடுத்து, பின்னுவது, தைப்பது, செடி வைப்பது, கோலம் போடுவது எல்லாவற்றின் தலையிலும் வைத்துவிட்டோம். அதிலும் வீட்டுப் பெண்கள் செய்வதென்றால் கேட்கவே வேண்டாம். இதையே ஒருவர் கடை போட்டுச் செய்தால் தொழில், பாட்டி ஜன்னல் ஓரம் செய்தால் பொழுதுபோக்கு. உங்களுக்குப் போக்குவதற்குப் பொழுது எப்போது இருந்தது சொல்லுங்கள். நாலு பேருக்குச் சமைத்து, துவைத்து, காய்ச்சலுக்கு விழித்திருந்து, அதற்கு மேல் மிச்சமிருந்த நேரத்தில் உட்கார்ந்து பின்னியது பொழுது போகவில்லை என்றா? பிள்ளைகளின் கால் சில்லிட்டது, அதனால் பின்னினீர்கள். அதைச் சொல்ல என்ன கூச்சம்?

சாக்ஸ் பின்னுவது என்ன லேசான வேலையா? பாட்டியின் சாக்ஸ் கிடைத்த பிறகு பின்னத் தெரிந்த தோழி ஒருத்தியோடு இரண்டு மாலை உட்கார்ந்து, ஒரு நூல் எப்படிக் காலின் வடிவத்துக்கு வருகிறது என்று கேட்டேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியட்டும். பெரியவர்களுக்கான சாக்ஸ் என்றால் 64 கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், ஓர் ஊசிக்கு 16ஆக நான்கு ஊசியில். ஐந்தாவது ஊசி பின்னிக்கொண்டே சுற்றி வரும். கணுக்கால் வரை குழாய் மாதிரி வளரும், அதற்கு மூளை வேண்டாம், கை போதும். குதிகாலில்தான் விஷயம். அங்கே பாதிக் கண்ணியை, 32ஐ, அப்படியே விட்டுவிட்டு மீதி 32இல் மட்டும் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி ஒரு சிறு சதுரம் பின்ன வேண்டும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, ஒரு கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றிவிட்டு அடுத்ததைப் பின்னுவார்கள், அப்போது பின்புறம் நூல் இரட்டையாக விழுந்து குதிகால் தடிப்பாகும், சீக்கிரம் தேயாது. அப்புறம் வரிசையை முடிக்காமல் நடுவிலேயே திரும்பி, ஒவ்வொரு திரும்பலுக்கும் ஊசியில் காத்திருக்கும் கண்ணிகளில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டே போனால், தட்டையாக இருந்த துணி கிண்ணம் மாதிரி குழிந்து வரும். வெட்டு இல்லை, தையல் இல்லை, வெறும் எண்ணிக்கை. இதைப் புரிந்துகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பாட்டி குளிர்கால ராத்திரிகளில் விளக்கடியில் பின்னிக்கொண்டே கதை சொல்லுவாள், நாங்கள் மூன்று பேர் போர்வைக்குள் கிடந்து கேட்போம். இந்தக் காட்சியை நாற்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். அதில் எப்போதும் கதை இருக்கும், விளக்கு இருக்கும், வெளியே காற்று இருக்கும். ஆனால் கதை நடுவில் அறுந்து போகும் என்பதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "குதிகால் வந்துடுச்சு, இனிப் பேச்சு கிடையாது" என்பாள். உதடு மட்டும் அசையும். பாட்டிக்கு எங்கள்மேல் கோபம் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிப்போவேன். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள் அம்மா. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, மங்கலான வெளிச்சத்தில் என் குதிகாலுக்கான கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாக்ஸை எடுத்துக்கொண்டு போய் என் அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இது பாட்டியோட சொந்த ஸ்வெட்டர் நூல்" என்றார். எனக்குப் புரியவில்லை. புது நூல் வாங்க வழியில்லாத வருடம் ஒன்றில் பாட்டி தன் ஸ்வெட்டரைப் பிரித்து எங்களுக்கு சாக்ஸ் பின்னியிருக்கிறாள். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதைச் சிட்டம் போட்டு, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நனைத்து, கீழே கனம் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராகும். அம்மா சொல்லச் சொல்ல எனக்கு அந்தச் சிட்டங்கள் கண்ணில் தெரிந்தன. என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி அதில்தான் நூலைச் சுற்றினாள். நான் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தேன். எனக்கு அது விளையாட்டு. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பாட்டி ஒரு மெல்லிய சால்வையோடு இருந்தாளாம். நான் தினமும் அவளைப் பார்த்தேன். சால்வையைப் பார்த்த நினைவே இல்லை.

பிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932இலேயே எழுதினார், நினைவு என்பது எடுத்து வைத்த பொருளைத் திரும்ப எடுப்பது அல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்று. கட்டும்போது நமக்குப் பொருந்தாதது உதிர்ந்துவிடும். என் நினைவில் உதிர்ந்தது பாட்டியின் குளிர். நான் குழந்தை, எனக்கு அது பொருந்தவில்லை, சரி. ஆனால் நீங்கள்?

உங்கள் கடிதத்தை மறுபடி படியுங்கள். "வீடு எவ்வளவு கதகதப்பாக இருந்தது." எந்த வீடும் தானாகக் கதகதப்பாக இருக்காது. ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தது யார்? விடியும் முன் எழுந்து அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தது யார்? அந்த ஒரே போர்வைக்குள் பிள்ளைகள் எல்லாம் கிடந்தார்கள் என்கிறீர்களே, அப்போது நீங்கள் எதைப் போர்த்திக்கொண்டிருந்தீர்கள்? கம்பளி உடம்புச் சூட்டைத் தன் சுருளுக்குள் அடைபட்ட காற்றில் பிடித்து வைக்கிறது. அந்த வீட்டில் அந்தச் சுருள் நீங்கள். அதை உங்கள் மகன் மறக்கலாம், பேரன் அறியாமல் இருக்கலாம், செய்த நீங்களே போர்வைக்குள் கிடந்த பிள்ளை மாதிரி அந்த வீட்டை நினைத்து ஏங்கினால் எப்படி? எனக்கு வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் சத்தம் போடுகிறேன். எத்தனையோ பேர் இப்படிக் கடிதம் எழுதுகிறார்கள், பெண்கள்தான் அதிகம், எல்லோருடைய பழைய வீட்டிலும் வெளிச்சம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, அவர்களுடைய கை மட்டும் இருப்பதில்லை. "அந்தக் காலம் நல்ல காலம்" என்று சொல்லிவிடுகிறார்கள். காலமா அடுப்பு மூட்டியது?

உங்கள் மகன் காதைப் பொத்திக்கொள்வதற்கும் இதுதான் காரணமோ என்று நினைக்கிறேன். அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நீங்கள் சொல்லும்போது, இந்த வீடு அப்படி இல்லை என்று அவர் காதில் விழுகிறது. அதைச் சொல்லாதீர்கள். போர்வை பற்றாத ராத்திரி என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். யார் காலை யார் உதைத்தது, யாரை எங்கே மாற்றிப் படுக்க வைத்தீர்கள், நீங்கள் எந்த ஓரத்தில் படுத்தீர்கள். அவரும் அந்தப் போர்வைக்குள் கிடந்தவர்தானே, அம்மா எந்தப் பக்கம் படுத்தாள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பேரப்பிள்ளைகள் கேட்பார்களா என்று கவலைப்படாதீர்கள். நூல் சுற்ற இரண்டு கை வேண்டும் என்று கூப்பிடுங்கள். அந்த நேரத்துக்காவது செல்போன் தானாகக் கீழே இறங்கும்.

புதுப் பொழுதுபோக்கு சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். சொல்ல மாட்டேன்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். தோழி சொல்லிக்கொடுத்தபடி நானும் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். பாட்டியிடம் கற்றுக்கொள்ளாமல் விட்டது அது. கணுக்கால் வரை வந்துவிட்டேன், குதிகாலில் மூன்று தடவை பிரித்தாகிவிட்டது. நடுவில் திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஓர் ஓட்டை விழுகிறது. பாட்டியின் சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், அதில் ஓட்டையே இல்லை. நீங்கள் அந்த இடத்தில் நூலை எப்படிப் பிடிக்கிறீர்கள், இழுத்துப் பிடிப்பீர்களா, சுற்றிக் கொண்டுவருவீர்களா? அடுத்த கடிதத்தில் இதை மட்டும் எழுதுங்கள், எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை, அப்படியே வெளியிடுகிறேன். அதுவரை ஊசியில் அப்படியே வைத்திருக்கிறேன்.

அன்புடன்.