வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: ஆம்புலன்ஸ் வந்த பிறகு

கேள்வி: சென்ற மாதம் 68 வயதான என் தந்தைக்கு இரவில் நெஞ்சுவலி வந்தது. அழைத்தவுடன் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆனால் அதில் வந்த உதவியாளர் அவரை உடனே ஏற்றிச் செல்லாமல், கூடத்திலேயே பத்து நிமிடம்போல ஏதேதோ கருவிகளைப் பொருத்துவதும் தொலைபேசியில் பேசுவதுமாக இருந்தார். ஆக்சிஜன்கூட வைக்கவில்லை. அப்பா பிழைத்துக்கொண்டார் என்றாலும், அந்தப் பத்து நிமிடம் வீணானதோ என்று மனம் உறுத்துகிறது.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், வீணானதாகத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் என்றால் சைரன் வைத்த வேகமான வண்டி என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அக்கம்பக்கத்தார் கூடி நின்று 'முதலில் தூக்குங்கள்' என்று குரல் கொடுப்பது அதனால்தான். விபத்தில் அடிபட்டு வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்றால் அந்தக் குரல் சரியானதே. அக்கசிவை அறுவை அரங்கில்தான் நிறுத்த முடியும் என்பதால், அங்கே உதவியாளர் மூச்சுக்குழாய்க்கு வழி செய்து, வெளியே தெரியும் இரத்தப்போக்கை அழுத்திக் கட்டி, கிளம்பிவிட வேண்டும்.

நெஞ்சுவலியின் கணக்கு வேறு. நாடி, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றோடு, கருவி இருந்தால் இ.சி.ஜி.யும் அங்கேயே எடுத்துவிட வேண்டும். இரத்தக்குழாய் முற்றிலும் அடைத்திருப்பதாக இ.சி.ஜி. காட்டினால், அருகிலுள்ள சிறு மருத்துவமனையைத் தாண்டி, அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சை செய்யும் அரங்கு (கேத் லேப்) உள்ள இடத்துக்கே நேராகப் போவதா என்ற முடிவு அப்போதே எடுக்கப்படும். தொலைபேசிப் பேச்சும் பெரும்பாலும் இதற்காகத்தான் இருந்திருக்கும்: 108 சேவையில், களத்தில் இருக்கும் உதவியாளர் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவரிடம் நிலைமையைச் சொல்லி ஆலோசனை பெறும் ஏற்பாடு உண்டு. ஒவ்வாமையும் இரத்தக்கசிவும் இல்லை என்று கேட்டறிந்த பிறகு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்வதும் இந்த நிமிடங்களில் நடப்பதுதான்.

ஆக்சிஜன் வைக்காததும் தவறாக இருக்க வேண்டியதில்லை. முன்பு நெஞ்சுவலி என்றாலே முகமூடியை மாட்டிவிடுவோம். நானும் அப்படித்தான் பழகினேன். இப்போதைய வழிகாட்டுதல்களின்படி, மாரடைப்பு நோயாளிக்கு இரத்த ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் அது வழக்கமாகத் தேவைப்படும்.

இதயமே நின்றுவிட்டால் அந்த இடத்திலேயே தொடங்குவது இன்னும் முக்கியம். மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6 சென்டிமீட்டருக்கு மேற்போகாமலும் அழுத்த வேண்டும். மாடிப்படியில் இறக்கும்போதும், வேகத்தடையில் குலுங்கும் வண்டிக்குள்ளும் இதை ஒழுங்காகச் செய்துவிட முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: எல்லா ஆம்புலன்ஸிலும் வென்டிலேட்டர் இருக்குமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: இருக்காது. ஆம்புலன்ஸ்களுக்கான ஏ.ஐ.எஸ். 125 என்ற இந்தியத் தரநிலை வண்டிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் உயர்நிலை உயிர்காப்பு வண்டியில்தான் வென்டிலேட்டரை எதிர்பார்க்கலாம். தனியார் வண்டியை அழைக்கும்போது எந்த வகை, உடன் வருபவர் பயிற்சி பெற்றவரா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறாள். 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர விரும்புகிறாள். ஐம்பது நாள் பயிற்சி என்கிறார்கள். அது போதுமா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கிய 108 சேவை, செவிலியர் படிப்பு முடித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல் போன்ற உயிரியல் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்கிறது. வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என மூன்று இடங்களிலும் பயிற்சி நடக்கும். வேலையைத் தொடங்க அது போதும். வேலையில் தேர்ச்சி பெற்றுவிட்டதாக நினைக்க அது போதாது என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மூச்சு நின்றவருக்குக் காற்றூட்ட, முகமூடி பொருத்திக் கையால் கசக்கும் பையான 'அம்பு பேக்' விலை மலிவானது, மின்சாரமும் வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் முகமூடியை வளைத்து அழுத்த, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பற்றி மேலே தூக்க வேண்டும். தாடைக்குக் கீழுள்ள சதையை அழுத்தினால் மூச்சுவழியே அடைபடும். பெரியவர்களுக்கான பை ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கொள்ளும். தேவையோ அரை லிட்டர் அளவுதான். பதற்றத்தில் புதியவர்கள் பையை முழுவதும் கசக்கி, அதுவும் இரண்டு நொடிக்கு ஒருமுறை அமுக்குவார்கள். நாடி இருப்பவருக்கு ஆறு நொடிக்கு ஒருமுறை போதும். அளவு மிஞ்சினால் காற்று இரைப்பைக்குள் போய், வாந்தி மேலேறி, நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பொம்மையில் ஒருநாள் பழகியதோடு இந்தக் கைப்பக்குவம் வந்துவிடாது; மூன்று மாதம் தொடாமலிருந்தால் வந்ததும் போய்விடும்.

முறையான படிப்பாகவே வேண்டுமென்றால், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டப்படிப்பு இருக்கிறது. இத்துறையினரையும் உள்ளடக்கி, நலவாழ்வுப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் நிறைவேறியது. பிரிட்டனில், ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தருபவரைக் குறிக்கும் 'பாராமெடிக்' என்ற பெயரையே பதிவு பெறாதவர் பயன்படுத்தக் கூடாது.

எந்த வழியில் போனாலும், பணிநேரம் தொடங்கியதும் ஆக்சிஜன் சிலிண்டரின் அளவு காட்டும் முள் எங்கே நிற்கிறது, சளி உறிஞ்சும் கருவி இழுக்கிறதா, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியின் விளக்கு எரிகிறதா என்று தன் கையாலேயே பார்க்கும் பழக்கத்தை உங்கள் மகள் முதல் நாளே பிடித்துக்கொள்ளட்டும். முந்தைய பணிநேரத்தினர் 'எல்லாம் சரி' என்று ஏட்டில் எழுதியிருந்தாலும்.