சிறுமிகளுக்குத் தனிப் பிரிவு எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஈரோட்டில் வசிக்கிறேன். என் மகளுக்கு இந்த நவம்பரில் 11 வயது முடிகிறது. சில வருடங்களாக செஸ் ஆடுகிறாள், மாவட்ட அளவில் கோப்பைகள் வாங்கியிருக்கிறாள். உலக இளையோர் போட்டிக்குத் தயார் செய்யலாம், பெண்கள் பிரிவில் ஆடினால் பதக்கம் சுலபம் என்கிறார் கோச். அவளோ, "மூளையால ஆடுற ஆட்டம்தானேம்மா, எங்களுக்கு மட்டும் ஏன் தனியா வைக்கிறாங்க?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எந்தப் பிரிவில் ஆட வைப்பது? செலவு வேறு பயமுறுத்துகிறது.

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கோச்சின் யோசனையைவிட உங்கள் மகளின் கேள்வி கூர்மையானது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்தும் வயதுவாரிப் போட்டிகளில் இன்று சிறுவர்களுக்கு மட்டுமான பிரிவு கிடையாது. சிறுமியர் பிரிவு ஒன்று, எல்லோருக்குமான ஓப்பன் பிரிவு ஒன்று. ஓப்பனில் உங்கள் மகள் தாராளமாக ஆடலாம். ஹங்கேரியின் ஜூடித் போல்கர் 1988இல் ருமேனியாவில், 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களோடு ஆடி உலகப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். 1990இல் அமெரிக்காவில் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் அதேபோல். மறு வருடமே, 15 வயதில், மிக இளம் வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் என்ற பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்து, செஸ்ஸின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். 2005இல் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம். பெண்களுக்கான உலகப் பட்டப் போட்டியை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே மூளை பற்றிய பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

அப்புறம் எதற்குத் தனிப் பிரிவு? எண்ணிக்கைதான் காரணம். உலகம் முழுக்க ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) உள்ள ஆட்டக்காரர்களில் பெண்கள் பத்தில் ஒருவர் அளவே. அடுத்த டோர்னமென்டில் ஹாலை ஒருமுறை சுற்றிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். ஆடுபவர்கள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது உச்சிக்குப் போகிறவர்களும் குறைவாகத்தான் இருப்பார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் அந்தக் கொஞ்சம் பேரிலும் பலர் நின்றுவிடுகிறார்கள். வெளியூர் போட்டி என்றால் துணைக்கு யார் போவது என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். போன இடத்தில் பேச இன்னொரு பெண் இருக்க மாட்டாள். சிறுமியர் பிரிவு இருந்தால் தோழிகள் கிடைப்பார்கள், பதக்கம் கிடைக்கும், அதைக் காட்டி ஒரு ஸ்பான்சரையாவது கேட்கலாம். ஆடுகிற பெண்களைத் தக்கவைக்க அது உதவுகிறது. அதனால் நான் அதை எதிர்க்கவில்லை.

நம் சென்னை வைஷாலியையே பாருங்கள். 2012இல் 12 வயதுக்குட்பட்ட சிறுமியர் உலகப் பட்டம், 2015இல் கிரீஸின் போர்ட்டோ கராஸில் 14 வயதுக்குட்பட்ட சிறுமியர் பட்டம். அதே போட்டியில் தம்பி பிரக்ஞானந்தா 10 வயதுக்குட்பட்ட ஓப்பன் பிரிவில் தங்கம் வென்றார். (அந்த அம்மாவின் அலைச்சலைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.) ஆனால் வைஷாலி கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தேவையான 2500 ரேட்டிங்கைத் தொட்டது 2023 டிசம்பரில், ஸ்பெயினில் நடந்த ஓர் ஓப்பன் டோர்னமென்டில். சிறுமியர் பிரிவிலேயே இருந்திருந்தால் அந்த ரேட்டிங் எளிதில் வந்திருக்காது. பலமானவர்களோடு மோதி, ஜெயித்தும் சில சமயம் டிரா பிடித்தும்தான் அது ஏறும்.

கோச் சொல்லும் 'பதக்கம் சுலபம்' என்பதோடுதான் எனக்குச் சண்டை. அங்கே எதுவும் சுலபமில்லை. பதினோரு சுற்று, சுவிஸ் முறை, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய தன் அளவு புள்ளி எடுத்தவரோடு மோத வேண்டும். ஜெயிக்க ஜெயிக்க எதிரே வருபவர் பலமாகிக்கொண்டே போவார். தங்கம் வராவிட்டாலும் குடி முழுகிப்போகாது. 2002இல் 12 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் ரஷ்யாவின் நெப்போம்னியாச்சிக்குப் போனது. சம புள்ளி எடுத்தும் டை-பிரேக்கில் இரண்டாம் இடத்துக்கு இறங்கிய பையனின் பெயர் மாக்னஸ் கார்ல்சன். 2021இல் துபாயில் உலக சாம்பியன் பட்டத்துக்காக இருவரும் மறுபடி உட்கார்ந்தபோது ஜெயித்தது அந்த இரண்டாம் இடத்துக்காரர்.

என்னைக் கேட்டால், வருடத்துக்கு ஒன்றிரண்டு பெரிய போட்டிகளில் மட்டும் சிறுமியர் பிரிவு, மற்றபடி எல்லா வாரக்கடைசியும் ஓப்பன். அவள் வயதுக்கு இளையோர் போட்டி பொருந்தாது என்பதையும் கோச்சிடம் சொல்லுங்கள். 2016 முதல் 8, 10, 12 வயதுக்குட்பட்டோருக்குத் தனியாக உலக கேடட் போட்டி நடக்கிறது. 14, 16, 18 வயதுக்காரர்களுக்குத்தான் இளையோர் போட்டி.

செலவு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஒரு நாட்டிலிருந்து ஒவ்வொரு பிரிவிலும் ஒருவருக்கு, போன முறை உலகப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்கு என்று, மிகச் சிலருக்குத்தான் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். மற்றவர்கள் சொந்தக் காசில்தான் போகவேண்டும், கூடப் போகும் பெற்றோரும் அப்படியே. தேசியப் போட்டியில் முன்னணி இடம் வராமல், கட்டணம் கட்டினால் போகலாம் என்று யாராவது சொன்னால் கடன் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். அந்தப் பணத்தில் இங்கேயே எத்தனையோ ரேட்டிங் டோர்னமென்ட் ஆடலாம், நல்ல பயிற்சியும் கொடுக்கலாம்.

அவசரமும் இல்லை. வயதுக் கணக்கு ஜனவரி 1ஐ வைத்து. அன்றைக்கு 12 முடிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் மகள் நவம்பரில் பிறந்தவள் என்பதால், அதே வருடம் ஜனவரியில் பிறந்த, தன்னைவிடப் பத்து மாதம் மூத்த பிள்ளைகளோடும் ஆட வேண்டியிருக்கும். அந்த வயதில் அது பெரிய வித்தியாசம். ஆனால் இந்த வருடம் போக அடுத்த வருடமும் 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அவளுக்கு இடம் உண்டு. இந்த வருடத்தைத் தயாரிப்புக்கே விட்டுவிடுங்கள். எந்தப் பிரிவு என்பதை அடுத்த வருடம் அவளிடமே கேளுங்கள்.