அடுப்படிக் கேள்வி பதில்: ஆறு மணி பஸ்ஸும் ஒரு பேணி மாவும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசியும் ஒரே முறைப்பாடுதான். நேரமில்லை, கையில் காசில்லை, செய்து கொடுத்தாலும் பிள்ளைகள் சாப்பிடுகிறார்களில்லை. மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதியவர்களும் உண்டு. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி: அக்கா, நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடிய ஆறு மணிக்கு பஸ். அவர் மேசன் வேலை, பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம். ஒவ்வொரு நாளும் கடைப் பாணும் சம்பலும்தான். புட்டு அவிக்க ஆசை, ஆனால் அந்த நேரத்துக்கு முடியவே முடியாது. வழி இருக்கா?

இருக்கு தங்கச்சி. புட்டு அவிய எடுப்பது பத்து நிமிஷம்தான், மிச்ச நேரமெல்லாம் மாவைத் தயார்படுத்தப் போகிறது. அந்த வேலையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டால் கிழமை நாளில் பயமில்லை. சிவப்புப் பச்சையரிசியை மூன்று மணித்தியாலம் ஊறவிட்டு, தண்ணீரை நன்றாக வடித்து, மில்லில் கொடுத்து அரைப்பித்து, தாச்சியில் வறுத்து எடுங்கள். வறுபட்ட பதம் எப்படித் தெரியும் என்று கேட்டால், ஒரு பிடி அள்ளிக் கோலம் போடுவதுபோல் விட்டுப் பாருங்கள், கோடு அறாமல் நேராக விழுந்தால் சரி, இடையில் கட்டி கட்டியாக விழுந்தால் இன்னும் ஈரம் இருக்கு என்று அர்த்தம். அரித்து, முழுக்க ஆறவிட்டு, ஈரமில்லாத பேணியில் போட்டு இறுக்கி மூடினால் மாதம் ஒன்று போனாலும் ஒன்றும் ஆகாது. அதே நாளில் கோதுமை மாவையும் துணியில் கட்டி அரை மணித்தியாலம் ஆவியில் அவித்து, சூட்டோடு சூடாக அரித்து வைத்துவிடுங்கள். ஆறவிட்டீர்களோ கல்லுக் கட்டியாகிவிடும், பிறகு உலக்கைதான் தேட வேண்டும்.

விடிய அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு, இரண்டு சுண்டு அரிசி மாவுக்கு ஒரு சுண்டு அவித்த கோதுமை மா, உப்பு. கொதிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிண்டி, சூடு குறைந்ததும் பேணி விளிம்பால் கொத்துங்கள், தேங்காய்ப்பூவைத் தூவி நீத்துப்பெட்டியில் போட்டுவிட்டுப் பிள்ளையின் தலையை இழுத்துப் பின்னத் தொடங்கினால் இரண்டாவது பின்னல் முடியும்போது புட்டும் அவிந்திருக்கும். இரவே மாவைக் குழைத்து வைத்தால் இன்னும் சுலபமே என்று நினைக்காதீர்கள். எங்கள் வெக்கைக்கு விடியப் புளித்துவிடும், நான் ஒரு முறை வைத்து ஏமாந்து, மூன்று சுண்டு மாவைக் கோழிக்குப் போட்டேன்.

கறி வேண்டாம். முல்லைத்தீவுக் கரை பக்கத்தில் இருக்கும்போது நெத்தலிக் கருவாட்டுக்கு என்ன குறை? தலையைக் கிள்ளி, கழுவிக் காயவிட்டு, வெறும் தாச்சியில் மொறுமொறுவென்று வறுத்து, செத்தல் மிளகாயும் உள்ளியும் வறுத்துச் சேர்த்து இடித்துப் போத்தலில் போட்டு வையுங்கள். ஈரக் கரண்டி படாவிட்டால் இரண்டு கிழமைக்குக் குறையாமல் இருக்கும். புட்டோடு ஒரு கரண்டி, ஒரு கதலிப் பழம், போதும். அப்புறம், உங்கள் வீட்டுக்காரர் விடிய என்ன செய்கிறார் என்று எழுதவில்லையே. சாந்து குழைக்கத் தெரிந்த கைக்கு மா குழைக்க எவ்வளவு நேரம் போகும்?

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்: மனைவி வெளிநாட்டில் வேலைக்குப் போய் ஐந்து மாதம். மூன்று பிள்ளைகளும் என்னோடு. எனக்குத் தேத்தண்ணியும் முட்டைப் பொரியலும் தவிர ஒன்றும் தெரியாது. றைஸ் குக்கர் இருக்கிறது. கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

தம்பி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஐந்து மாதமாக மூன்று பிள்ளைகளைப் பட்டினி போடாமல் வைத்திருக்கிறீர்களே. குக்கர் இருந்தால் முக்கால் சமையல் முடிந்தமாதிரி. இரண்டு சுண்டு பச்சையரிசி, ஒரு சுண்டு மைசூர்ப் பருப்பு, இரண்டையும் ஒன்றாகக் கழுவி குக்கரில் போடுங்கள். ஒரு வெண்காயம், நாலு பல்லு உள்ளி, இரண்டு பச்சை மிளகாய் கீறிப் போட்டு, மஞ்சள் தூள் அரைக் கரண்டி, உப்பு. தண்ணீர் அதே சுண்டால் ஏழு. சோறு கொஞ்சம் குழைவாக வரும், அப்படித்தான் வர வேண்டும். நாட்டுப் புழுங்கல் அரிசி என்றால் அரிசியை மட்டும் முதலில் அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள், தண்ணீரும் ஒரு சுண்டு கூட்டுங்கள். குக்கரோடு வந்த ஆவித் தட்டு இருந்தால் கழுவிய முட்டை நாலை அதில் வைத்து மேலே வைத்துவிடலாம்.

குக்கரின் சுவிச் பட்டென்று மேலே எழும்பியதும் மூடியைத் திறந்து, உருவிக் கழுவிய முருங்கையிலை இரண்டு பிடியைப் போட்டுக் கிளறி மறுபடி மூடுங்கள். ஐந்து நிமிஷத்தில் இலை அந்தச் சூட்டிலேயே அவிந்துவிடும். கடைசியில் தேசிக்காய்ப் புளி. தேசிக்காயை விடாதீர்கள், ருசிக்கு மட்டுமல்ல, இலையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு பிடிக்க அது உதவும். சாப்பிட்ட கையோடு பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொடுத்தால் அந்த இரும்புச்சத்து குறைவாகத்தான் சேரும், ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள். முருங்கையிலையை இரவில் சமைக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லுவா, தலையாட்டிவிட்டு மத்தியானமே சமையுங்கள், சண்டை எதற்கு.

இதே சோற்றை நாளுக்கு ஒரு விதமாக மாற்றலாம். ஒரு நாள் கீரைக்குப் பதில் பூசணித் துண்டு, இன்னொரு நாள் சோயாமீற். சோயாமீற்றைக் கொதிதண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, பிழிந்து, மறுபடி பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தால்தான் அந்த மணம் போகும். பலர் ஒரு தரம் பிழிந்துவிட்டுப் பிள்ளை சாப்பிடுகிறானில்லை என்று பிள்ளையைத் திட்டுகிறார்கள். மூத்தவருக்கு எத்தனை வயது என்று எழுதவில்லை. பத்து வயதுக்கு மேல் என்றால் உள்ளி உரிக்கவும் இலை உருவவும் விடலாம்.

வவுனியாவிலிருந்து ஒரு வாசகி: தேங்காய் விற்கிற விலைக்குச் சொதியும் சம்பலும் கனவாகிவிடும் போலிருக்கிறது. தேங்காய் இல்லாமல் நம்மால் சமைக்க முடியுமா?

2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் இருநூறு ரூபாயைத் தாண்டியபோது நானும் இதைத்தான் கேட்டேன். முழுக்க விட முடியாது, குறைக்கலாம். ஒரு தேங்காயை மூன்று நாளுக்குப் பிரித்து, சொதிக்கு மட்டும் பால், மற்றக் கறியைப் புளி விட்டு வையுங்கள். சம்பலுக்கு நான் இப்போது கச்சான்தான் போடுகிறேன். ஒரு கைப்பிடி கச்சானை வறுத்துத் தோலை ஊதிவிட்டு, வறுத்த செத்தல் மிளகாய் நாலு, கொஞ்சப் பழப்புளி, உப்பு, ஒரு சின்ன வெண்காயம் சேர்த்து அம்மியில் அரையுங்கள். தோசைக்கும் ரொட்டிக்கும் தேங்காயை ஒருவரும் தேடமாட்டார்கள். இடியப்பத்துக்கு மட்டும் சரிவராது, அதற்குச் சொதிதான். பூஞ்சணம் பிடித்த கச்சான் ஒன்றிரண்டு இருந்தால் வறுத்தால் சரியாகும் என்று சேர்க்காதீர்கள். அந்த நஞ்சு வறுத்தாலும் போகாது.

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி: கௌபி அவிக்கப் போனால் காஸ் தண்ணீராகக் கரைகிறது. பிள்ளைகளுக்கு விருப்பம். என்ன செய்ய?

இரவே ஊறப் போட மறந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், நானும் மறப்பேன். இரவு முழுக்க ஊறிய கௌபியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் மூடிபோட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்கி, பழைய சாக்கு இரண்டைச் சுற்றி ஒரு கடகத்துக்குள் இறுக்கி வைத்துவிடுங்கள். ஒன்றரை மணித்தியாலத்தால் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அவிந்திருக்கும், இல்லாவிட்டால் இன்னொரு ஐந்து நிமிஷம் அடுப்பு போதும். பானை நிறையக் கௌபியும் தண்ணீரும் இருந்தால்தான் சூடு நிற்கும், ஒரு பிடி கௌபிக்கு இந்த வித்தை பலிக்காது. 2022இல் காஸ் வரிசையில் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நின்ற காலத்தில் என் மாமி காட்டித் தந்தது இது. அவ 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகுக்கே செய்தவ, நான் வரிசையில் நின்று அழுததைப் பார்த்துச் சிரித்தா. தேங்காய்ப்பூ கொஞ்சம் கிடைத்தால் தூவுங்கள், இல்லாவிட்டால் கடுகு, செத்தல் மிளகாய், வெண்காயம் தாளித்துக் கொட்டுங்கள்.

அதே வாசகி: மாமியார் பின்னேரத்தில் கஞ்சி காய்ச்சினால் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

மாமியாரை மாற்ற வேண்டாம், கஞ்சியைக் கொஞ்சம் மாற்றச் சொல்லுங்கள். குறுணலையும் பயறையும் வெறும் தாச்சியில் வறுத்து வைத்தால் கால் மணித்தியாலத்தில் வெந்துவிடும். முசுட்டை இலையோ முருங்கையிலையோ அரைத்துப் பிழிந்த சாற்றை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்தான் விட வேண்டும். முன்பே விட்டால் நிறமும் போய் மணமும் போகும், முகம் சுளிப்பதற்கு அதுதான் காரணமோ தெரியாது. ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் நினைவாக வீதியோரம் சிரட்டையில் கொடுக்கும் உப்புக் கஞ்சி வேறு. அதை யாரும் ருசிக்காகக் குடிப்பதில்லை, அந்த நாளில் பிள்ளைகள் கேட்டால் ஏன் என்று மாமியாரே சொல்லுவா.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி: பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடைப் பக்கெற் தின்பண்டம்தான் கேட்கிறார்கள். நாளுக்கு நூறு ரூபாய்க்கு மேல் அதற்கே போகிறது. வீட்டில் சட்டென்று செய்ய ஏதாவது?

புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே, உங்கள் ஊர்ப் பக்கத்துக் கச்சானை நாங்கள் அல்லவா காசு கொடுத்து வாங்குகிறோம்! கச்சான் உருண்டையைப் பாகு காய்ச்சிச் செய்யப் போய் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதல் தடவை பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், உருண்டு வந்தது, இன்னும் கொஞ்சம் இறுகட்டும் என்று நினைத்து இரண்டு நிமிஷம் கூட விட்டேன். உருட்டி வைத்த உருண்டையை மகன் கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய் உலக்கையை எடுத்து வந்தான். பாகு பதம் கைக்கு வரும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பாகில்லாமலே செய்யலாம். இரண்டு சுண்டு வறுத்துத் தோல் நீக்கிய கச்சானை உரலில் போட்டு அரைகுறையாக இடித்து, முக்கால் சுண்டு சர்க்கரையைச் சீவிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்போடு மறுபடி இடியுங்கள். கொஞ்ச நேரத்தில் உலக்கை நுனியில் எண்ணெய் மினுங்கும், மா திரண்டு வரும். அப்போதே கையில் அமுக்கி உருட்டிவிட வேண்டும், ஆறினால் உதிரும். வறுத்தது கையில் இருந்தால் கால் மணித்தியாலமும் போகாது. எள்ளிலும் இதேமாதிரி, வறுத்த உழுத்தம்மா கொஞ்சம் சேர்த்தால் எள்ளுப்பாகு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் கச்சான் முழுசாகவோ பாதியாகவோ இல்லாமல் நன்றாக இடிபட வேண்டும், தொண்டையில் அடைக்கும்.

கறுத்துப்போன கதலிப் பழத்தை எறியாதீர்கள். மூன்று பழத்தைச் சீனி மூன்று கரண்டியோடு பிசைந்து, கோதுமை மா இரண்டு சுண்டு, அப்பச்சோடா ஒரு சிட்டிகை, உப்பு. தண்ணீர் விடாமல் பழத்தின் ஈரத்திலேயே பிசைந்து, போதாவிட்டால் மட்டும் தெளித்து, அரை மணித்தியாலம் மூடி வைத்துச் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டால் வாய்ப்பன். அடுப்பு மெல்ல எரிய வேண்டும், இல்லாவிட்டால் வெளியே கறுத்து உள்ளே மாவாகவே இருக்கும். ஆடி ஆவணியில் பனங்காய் விழும்போது இதே வேலையைப் பனங்களியில் செய்யலாம், ஆனால் களியைச் சீனி போட்டு முதலில் காய்ச்சி ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் காறும்.

முள்ளியவளையிலிருந்து ஒரு இளம் தாய்: கிளினிக்கில் தரும் திரிபோஷாவை மகள் துப்புகிறாள். கூழாகக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன்.

காய்ச்சவே தேவையில்லை பிள்ளை, அது ஏற்கெனவே வெந்த மா. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்தது, மறுபடி காய்ச்சினால் பசைமாதிரி ஆகி யாருக்கும்தான் பிடிக்காது. இளஞ்சூட்டுத் தண்ணீர் இரண்டு கரண்டி, தேங்காய்ப்பூ, கொஞ்சம் சீனி அல்லது மசித்த பழம் போட்டுப் பிசைந்து சின்ன உருண்டையாகப் பிடித்துக் கையில் கொடுங்கள், தானே எடுத்துத் தின்னட்டும். செய்த உடனே கொடுக்க வேண்டும், வைக்கக் கூடாது. நிறை இன்னும் ஏறவில்லை என்றால் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள், அடுத்த கிளினிக் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் பெரியவர்களும் தேத்தண்ணியோடு அதை அள்ளிப் போடுகிற வழக்கம் இருக்கிறது, அது அவளுடைய பங்கு.

நெடுங்கேணியிலிருந்து ஒரு வாசகர்: இரவுப் புட்டு மிஞ்சினால்?

மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தால், தாச்சியில் எண்ணெய் விட்டு வெண்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, முட்டை இரண்டை உடைத்து ஊற்றிக் கிண்டி, புட்டை உதிர்த்துப் போட்டுப் பிரட்டுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாவிட்டால் மணந்து பாருங்கள். தேங்காய்ப்பூ போட்ட புட்டு, கொஞ்சம் புளித்த மணம் வந்தாலும் கோழிக்குத்தான்.